தெரு நாயைக் கடந்து போவது எப்படி? கரண்ட் ரீடிங்காரன் சொல்கிறேன்

திருச்சியில் மின்வாரியக் கணக்கீட்டாளர் வேலை எனக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கேட்டைத் தட்டி, மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகிற ஆள். மீட்டர் பெட்டி எங்கே இருக்கும்? மாடிப்படிக்கு அடியில், பைக் நிறுத்துகிற மூலையில், தண்ணித் தொட்டி ஓரத்தில். நாய் படுக்கப் பிடிக்கிற இடமும் அதேதான். இந்த வேலையில் யூனிட் கணக்கு தப்பினால் அடுத்த ரீடிங்கில் சரிசெய்துவிடலாம். நாய்க் கணக்கு தப்பக் கூடாது.

உறையூர்ச் சந்துகளிலும் கே.கே. நகர் அடுக்குமாடிகளிலும் சமீப வருஷங்களாக இரண்டு கட்சிகளைப் பார்க்கிறேன். ஒரு கட்சி வாட்ஸ்அப்பில் வந்த சிசிடிவி வீடியோவைப் பார்த்துப் பார்த்தே நடுங்கிப் போனவர்கள். பெரியவர்கள் காலை நடையை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள் போனோடு அடைந்து கிடக்கிறார்கள். இன்னொரு கட்சி, கண்ட நாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டு அதை ரீல்ஸாக எடுக்கிறவர்கள். இரண்டு பேரும் செய்யாத காரியம் ஒன்றுதான்: எதிரில் நிற்கிற நாயைப் பார்ப்பது. அது நம்மை உச்சி முதல் பாதம் வரை படித்துவிடுகிறது. நாம் போனைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

பார்க்கப் பழகுவதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

வால், வாய், கண்

வாலை ஆட்டினால் நட்பு என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். பாதிதான் உண்மை. வால் நடு உயரத்தில் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து ஆடினால் நட்பு. வால் மேலே விறைத்து, நுனி மட்டும் படபடவென்று துடித்தால் அது வேறு சமாச்சாரம், நில்லுங்கள். கால் இடுக்கில் செருகியிருந்தால் பயம். பயந்த நாயைப் பாவம் என்று தொடப் போகாதீர்கள். ஓட வழியில்லாத பயந்த நாய்தான் முதலில் பல்லைக் காட்டும்.

என் மகள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். இத்தாலியில் 2007ல் நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொன்னாள்: தன் எஜமானரைப் பார்க்கும் நாயின் வால் வலப்பக்கம் அதிகமாக ஆடுமாம், முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட்டில் நின்று வலமா இடமா என்று பார்க்க எனக்கு நேரம் கிடையாது. எவ்வளவு உயரம், எவ்வளவு விறைப்பு, அவ்வளவு போதும்.

வாலைவிட வாயைப் பாருங்கள் என்பேன். வாய் திறந்து நாக்கு தொங்கினால் நாய் நிதானமாக இருக்கிறது. திறந்திருந்த வாய் சட்டென்று மூடினால் உங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. தின்ன ஒன்றுமில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, இதெல்லாம் "கிட்ட வராதே, விட்டுவிடு" என்பதுதான். அதற்கும் நகராவிட்டால் உறுமும். உறுமுகிற நாயை அடிக்கிற வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அடித்து அடித்து உறுமலை நிறுத்திவிடலாம். அப்புறம் அந்த நாய் சொல்லாமலே கடிக்கும்.

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி என் காலை நான் பந்தயம் வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று: எதிரே நின்று முன்னும் பின்னும் ஓடிக் குரைப்பது பெரும்பாலும் உங்களைத் தள்ளிப் போகச் சொல்கிறது. சத்தமே இல்லாமல் பின்னால் வருகிற நாய்தான் கெண்டைக்காலுக்கு வரும்.

கேட்டைத் திறப்பதற்கு முன்

கூரியர்காரர், கேஸ் போடுகிறவர், சாப்பாடு கொண்டுவருகிற தம்பிமார் எல்லாருக்கும் இது. வெளியிலிருந்தே "ஈபீ!" என்று குரல் கொடுப்பேன். தாழ்ப்பாளை இரண்டு தரம் ஆட்டுவேன். அப்புறம் சும்மா நிற்பேன். உள்ளே நாய் இருந்தால் அதற்குள் வந்துவிடும். நாம் அதைத் திடீரென்று பார்ப்பது பிரச்சினையில்லை. அது நம்மைத் திடீரென்று பார்க்கக் கூடாது.

வீட்டுக்காரம்மா வந்து எப்போதும் சொல்கிற வசனம் ஒன்று உண்டு.

"சார், உள்ள வாங்க, அது ஒண்ணும் பண்ணாது."

"உங்களை ஒண்ணும் பண்ணாதும்மா. நான் வெளி ஆளு. கட்டிட்டுச் சொல்லுங்க, நிக்கிறேன்."

சில பேர் முகம் சுருங்கும். சுருங்கட்டும். கட்டிய பிறகும் சங்கிலி எங்கே கட்டியிருக்கிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்து, அது எட்டாத தூரத்திலேயே நடங்கள். கட்டிப்போட்ட நாயால் விலகிப் போக முடியாது என்பதால் அதற்குக் கோபம் ஒன்றே வழி. நாள் முழுக்க கட்டிக் கிடப்பது, திருச்சி மே மாத வெயிலில் வராந்தாவில் மூச்சிரைக்கும் பனிப்பிரதேச நாய் என்றால் கேட்கவே வேண்டாம். ஹஸ்கி வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்கள் முதலில் என்னோடு ஒரு சித்திரை மதியம் ரீடிங் எடுக்க வரட்டும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்டர் செய்த சாப்பாட்டை நீங்களே கேட் வரை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நேரத்தோடு போட்டிபோட்டு ஓடி வருகிற பையன் படியேறி ஓடுவான், இறங்கியும் ஓடுவான். ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம்.

கார்த்திகை தொடங்கித் தை வரை இன்னொரு எச்சரிக்கை: அது குட்டிகள் நிறையக் கண்ணில் படும் காலம். உறையூரில் ஒரு வீட்டில் மீட்டருக்குக் குனிந்தபோது அடியில் பழைய சாக்கின் மேல் ஒரு செவலை நாய், மார்போடு கண் திறக்காத குட்டிகள். அது குரைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வாயை மூடியது. மேலுதட்டின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல உயர்ந்து ஒரே ஒரு கோரைப்பல் தெரிந்தது. நான் முதுகைக் காட்டாமல் அப்படியே பின்னால் வந்துவிட்டேன். அந்த வீட்டு அம்மா தள்ளிப் பால் வைத்துப் பார்த்தார், நாய் அசையவில்லை. கடைசியில் அவர் மகன் செல்ஃபி ஸ்டிக்கில் போனை மாட்டி, படிக்கட்டின் இந்தப் பக்கம் இருந்தே கையை நீட்டி மீட்டரைப் படமெடுத்தான். பெரிதாக்கிப் பார்த்து எழுதிக்கொண்டேன். செல்ஃபி ஸ்டிக் உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

நடக்கும்போது

இயர்போனை ஒரு காதிலாவது கழற்றுங்கள். உறுமல் உங்களுக்காகத்தான் வருகிறது. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால் விழாது. படுத்திருக்கும் நாயை நோக்கி நேராகப் போகாதீர்கள், நாலடி ஒதுங்கி வளைந்து போங்கள். நாய்கள் ஒன்றையொன்று நெருங்கும்போதும் அப்படித்தான் வளைந்து வரும். நேராக, கண்ணைப் பார்த்துக்கொண்டு வருகிறவன் அவற்றின் கணக்கில் சண்டைக்கு வருகிறவன்.

நாய் உங்களை நோக்கி வந்துவிட்டதா? நில்லுங்கள். பக்கவாட்டில் திரும்புங்கள். கை தொங்கட்டும், பை இருந்தால் அதை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடியுங்கள். அதன் கண்ணைப் பார்க்காமல் அதன் காலடித் தரையைப் பாருங்கள். அடித்தொண்டையில், இழுத்து, "போ... போ..." என்று சொல்லலாம், கீச்சென்று கத்தக் கூடாது. அது மோந்து பார்க்க வந்தால் மோந்து பார்க்கட்டும். ஆர்வம் குறைந்ததும் மெதுவாகப் பின்வாங்குங்கள். திரும்பி ஓடுவது மட்டும் வேண்டாம். கடிக்கவே வந்துவிட்டால் பையையோ குடையையோ அதன் வாய்க்குக் கொடுத்துவிடுங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு கொள்ளுங்கள், இரண்டு கையாலும் கழுத்தையும் காதையும் பொத்திக்கொண்டு அசையாமல் கிடங்கள்.

கல் எடுக்கிற மாதிரி குனிந்தால் ஓடிவிடும் என்பார்கள். ஓடும், பல நேரம். நம் தெரு நாய்கள் கல்லடி பட்டே அதைப் படித்திருக்கின்றன. குட்டி போட்டதிடமும் கூட்டமாக வருவதிடமும் இந்த வித்தை பலிக்காது. குனிந்த முகம் அதன் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். நிஜமாகவே கல்லை எறிந்தால், நீங்கள் எறிந்த கல்லுக்கு மறுநாள் பால்காரர் கடி வாங்குவார்.

இரவு பதினொன்றுக்கு மேல் கணக்கு மாறிவிடும். பகலில் வண்டிக்கும் ஆளுக்கும் ஒதுங்கிக் கிடந்த நாய்கள் தெரு காலியானதும் எழுந்து தங்கள் எல்லையைச் சுற்றும். முன்பு அந்த நேரத்தில் நாம் தூங்கிக்கொண்டிருந்தோம். இப்போது டர்ஃபில் கிரிக்கெட், நடுராத்திரி பிரியாணி, சாப்பிட்டது செரிக்க ஒரு நடை. போகவேண்டியிருந்தால் சுவரை ஒட்டாமல், நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டாமல், நடுத்தெருவில் பேசிக்கொண்டே போங்கள். காருக்கு அடியில் ஒன்று படுத்திருக்கும்.

வண்டியில்

துரத்தும்போது ஆக்சிலேட்டரை முறுக்குகிறோம், காலைத் தூக்கி டேங்க் மேல் வைக்கிறோம். பலருக்கு அடிபடுவது நாய் கடித்து அல்ல, இப்படிச் சறுக்கி விழுந்துதான். வேகத்தைக் குறையுங்கள். முடிந்தால் நிறுத்தியே விடுங்கள். நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது, குரைத்துவிட்டுத் திரும்பிவிடும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி நாலு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது, உள்ளே மனிதன் இருக்கிறான் என்று அதற்குப் புரிகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்க்காரர்கள் தெரு முனையிலேயே லேசாக ஒரு ஹாரன் கொடுங்கள். சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிற வண்டி தூங்கும் நாயைத் தூக்கிவாரிப் போட வைக்கிறது.

சோறு போடுகிறவர்களுக்கு

போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தில்லை நகரில் ஒரு பாட்டி விடிவதற்குள் தயிர் சாதத்தோடு வருவார். காலி மனையின் ஒரே மூலை, ஒரே நேரம், தட்டுகளும் அவருடையவை. நாய்கள் தின்று முடியும் வரை ஒரு குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்து, தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு போவார். அந்தத் தெருவில் நான் நிம்மதியாக ரீடிங் எடுக்கிறேன். இரண்டு தெரு தள்ளி, தோன்றிய நேரத்தில் கேட்டுக்கு வெளியே எலும்பை வீசுகிற வீடுகள் உண்டு. அங்கே ஒவ்வொரு கேட்டும் ஒரு நாயின் சாப்பாட்டு மேஜை. அதைத் தாண்டிப் போகிறவன் சோற்றைப் பிடுங்க வருகிறவன்.

பாட்டி தானாகச் செய்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உணவு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நேரமும் குழந்தைகளும் முதியவர்களும் நடமாடாத நேரமாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் வார்டில் எந்த இடம் என்று மாநகராட்சியில் கேளுங்கள். ஒதுக்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள்.

சோறு போட்டால்தான் நாய் பழகும் என்பதும் முழுசாகச் சரியில்லை. கொல்கத்தா ஐசர் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் தெரு நாய்களிடமே சோதித்து 2017ல் வெளியிட்டார்கள்: திரும்பத் திரும்பச் சந்திக்கும் புது மனிதரிடம், சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுப்பதே அதிக நம்பிக்கையை உண்டாக்கியது. அதற்காக முன்பின் தெரியாத நாயைத் தடவப் போகாதீர்கள். ஏற்கெனவே நீங்கள் சோறு போடுகிற நாயைப் பழக்கி, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிடித்துக் கொடுங்கள். காதில் 'வி' வடிவத்தில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்த நாய். கருத்தடை ஒரு முறைதான். வெறிநாய்த் தடுப்பூசி வருஷா வருஷம்.

மிச்ச பிரியாணியைப் பிளாஸ்டிக் டப்பாவோடு முடிச்சுப்போட்டு இரவே தெருமுனையில் வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். காலையில் குப்பை வண்டி வரும்போது கையில் கொடுங்கள். இருக்கிற நாயையெல்லாம் பிடித்துக்கொண்டு போனாலும், சாப்பாடு இருக்கிற தெருவுக்கு வேறு நாய் வரும்.

பிள்ளைகளுக்கு

தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இந்த மூன்றின் பக்கம் போகக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது, வீட்டு நாயையும்தான். கழுத்தைச் சுற்றிக் கை போடுவதை நாய் பாசமாக எடுத்துக்கொள்வதில்லை. நாய் துரத்தினால் மரம் மாதிரி நிற்கப் பழக்குங்கள், வீட்டில் ஒரு விளையாட்டாகவே. எல்லாவற்றையும்விட முக்கியம்: நகம் பட்டால்கூட வந்து சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது. வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். திட்டுக்குப் பயந்து கீறலை மறைக்கிற வயதும் அதுதான்.

கடித்துவிட்டால்

நேராகக் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவுங்கள். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைச் சிதைக்கும். காசில்லாத, உடனே கிடைக்கிற முதல் மருந்து இது. கழுவியபின் டெட்டாலோ அயோடின் மருந்தோ போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் கூடவே கூடாது. இறுக்கிக் கட்டும் வேண்டாம்.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ஊசி இலவசம். "குட்டி நாய்தான்", "வீட்டு நாய்தான்", "ரத்தம் வரவில்லை" என்ற மூன்று சமாதானங்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். லேசான கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தாலோ, புண்ணை நாய் நக்கியிருந்தாலோ, தடுப்பூசியோடு காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். அது வெறும் ஊசி அல்ல, தனி மருந்து, "அது போட வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த மருந்து அங்கே இல்லை என்றால் எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று கேட்டு அங்கே போங்கள்.

கிருமி நரம்பு வழியாக மெல்ல ஏறி மூளைக்குப் போகிறது. வழக்கமாக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. அதனால் நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்காதீர்கள். ஊசியையும் தொடங்குங்கள், நாயையும் கவனியுங்கள். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மிச்சத்தை நிறுத்தலாமா என்பதை டாக்டர் சொல்வார்.

தோலில் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள் (முதல் ஊசி போடுகிற நாள்தான் 0). சதையில் போடுவதானால் 14ஆம் நாளும் சேரும். முதல் மூன்றுக்கும் எல்லாரும் ஒழுங்காகப் போய்விடுகிறார்கள். 28ஆம் நாளுக்குள் காயம் ஆறியிருக்கும், பயமும் போயிருக்கும், அன்று ஒரு கல்யாணம் வந்திருக்கும். முதல் ஊசி போட்ட அன்றே மிச்சத் தேதிகள் எல்லாவற்றுக்கும் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

என்னைப் போல வீடு வீடாகப் போகிறவர்கள், நாய் வளர்க்கிறவர்கள், தெருவில் சோறு போடுகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், டாக்டரிடம் கேளுங்கள். முழுசாகப் போட்டவர்களுக்குப் பின்னால் கடிபட்டால் 0, 3 என்று இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் போட்டதற்கான சீட்டைக் காட்டினால்தான் நடக்கும். நான் என் சீட்டைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, அசலை வீட்டு ஈபீ அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.